பிள்ளைகளோடு ஐரோப்பாவை ரயிலில் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் கணவரும், 4 வயது மகளும் 9 வயது மகனும், கூடவே என் மாமியாரும் ஒரு கோடை விடுமுறையில் பாரிஸில் இறங்கி, சுவிட்சர்லாந்து வழியாகப் போய், ரோமில் விமானம் ஏறித் திரும்பினோம். நடுவில் எல்லாம் ரயில்தான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், பள்ளி வாசலில் பார்க்கும் மற்ற அம்மாக்கள், அலுவலகத்துக்காரர்கள் எல்லோரும் கேட்பது அநேகமாக இதே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கட்டணங்கள் வருடா வருடம் மாறும், ஒரு கணக்குக்காக மட்டும் பாருங்கள்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரயிலா? காரோ விமானமோ சுலபம் இல்லையா?

டஸ்கனி, புரோவான்ஸ் மாதிரி கிராமம் கிராமமாகப் போகிற பயணம் என்றால் கார்தான் சரி. நகரத்திலிருந்து நகரத்துக்கு என்றால் ரயில். இத்தாலியின் பழைய நகரங்களில் வெளியூர்க் கார் நுழையக் கூடாத பகுதிகள் உண்டு. தெரியாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்து, நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அபராதச் சீட்டு வரும். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், அதற்கும் வாடகை.

விமானத்தில் பறக்கிற நேரம் ஒரு மணிதான். ஆனால் விமான நிலையத்துக்குப் போவது, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, அந்தப் பக்கம் இறங்கி ஊருக்குள் வருவது எல்லாம் சேர்த்தால் அரை நாள் போய்விடும். பாரிஸ் நகரின் நடுவிலிருந்து சூரிச் நகரின் நடுவுக்கு டிஜிவி எனும் அதிவேக ரயிலில் 4 மணி நேரம். அந்த 4 மணி நேரமும் பிள்ளைகள் எழுந்து நடக்கலாம். பெற்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை ஊர் வைக்கலாம்?

எல்லோரும் ரயில் பாஸ் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது இதைத்தான். என் முதல் நோட்டில் 13 இரவுக்கு எட்டு ஊர் இருந்தது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசெர்ன், மிலான், வெனிஸ், ரோம். வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். அதைப் பார்த்த கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை தடவை சூட்கேஸ் மூடணும்?"

அதுதான் கணக்கு. சூட்கேஸ் மூடுகிற ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்குத் தொடங்கும். துணி அடுக்கு, அலமாரிக்கு அடியில் விழுந்த ஒற்றைச் சாக்ஸைத் தேடு, அறையைக் காலி செய், ஸ்டேஷனுக்குப் போ, ரயில், இறங்கு, புது ஓட்டலைக் கண்டுபிடி, 3 மணிக்குத்தான் அறை தருவோம் என்பார்கள், அதுவரை சூட்கேஸை அங்கே போட்டுவிட்டுப் பசியோடு இருக்கும் பிள்ளைகளோடு தெருவில் நில். ரயிலில் உட்காரும் நேரம் இரண்டே மணி என்றாலும் ஒரு நாள் முழுக்கச் செலவு.

கடைசியில் நான்கு ஊர் வைத்தோம். பாரிஸ் 4 இரவு, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் 4, வெனிஸ் 2, ரோம் 3. மற்ற இடங்களுக்கு ஓட்டலில் சூட்கேஸை வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போய் வந்தோம். ரோமிலிருந்து புளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம்தான், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஒரு ஊரில் மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்கக் கூடாது என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். வெனிஸில் அந்த விதியை நாங்களே மீறினோம், அங்கே அறை வாடகை அப்படி.

இந்தப் பாதையில் ஒவ்வொரு பயணமும் எவ்வளவு நேரம்?

பாரிஸ் காரே து லியோன் ஸ்டேஷனிலிருந்து சுவிஸ் எல்லை நகரமான பேசல் 3 மணி நேரம், அங்கே மாறி இன்டர்லாக்கன் ஓஸ்ட் 2 மணி நேரம். ரோம் கடைசி என்பதால் வெனிஸிலிருந்து நேர் ரயிலில் சுமார் 4 மணி நேரம். இவை இரண்டும் சுலபம்.

நடுவில் இருக்கிற இன்டர்லாக்கன் – வெனிஸ்தான் சிரமம். ஸ்பீட்ஸில் ஒரு மாற்றம், மிலானில் ஒரு மாற்றம், காத்திருப்பையும் சேர்த்தால் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 34 கிலோமீட்டருக்கு மேல் நீளமான லோட்ச்பெர்க் சுரங்கமும், 1906இல் திறந்த சிம்ப்ளான் சுரங்கமும் வரும். மகன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருட்டை எண்ணினான். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மிலானில் ஓர் இரவு தங்கிவிடுவதே நல்லது. இந்த ஒரு இடத்தில் மட்டும் மூன்று இரவு விதியை மறந்துவிடலாம்.

யூரெயில் பாஸ் வாங்கலாமா?

எந்த நாடுகளுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸ் என்பதுதான் யூரெயில், அது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. லண்டனிலோ ஜெர்மனியிலோ இருக்கும் உங்கள் அண்ணன் குடும்பம் அதே மாதிரியான இன்டர்ரெயில் பாஸ் வாங்க வேண்டும். ஒரு பெரியவரோடு 4 முதல் 11 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம். 12 வயது முடிந்தால் 27 வரை இளைஞர் பாஸ், அதற்குப் பணம் உண்டு.

இதைப் படித்ததும் எல்லோரும் குஷியாகிவிடுவார்கள், நானும் ஆனேன். சிக்கல் பின்னால் இருக்கிறது. பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா, ஸ்பெயினின் ஆவே, யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்கள் எல்லாவற்றிலும் பாஸ் இருந்தாலும் இருக்கையைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். இலவசப் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைக்கும் அந்தக் கட்டணம் உண்டு. பாஸ்காரர்களுக்கு என்று சில ரயில்களில் குறிப்பிட்ட இருக்கைகளைத்தான் ஒதுக்குவார்கள், கோடையில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எங்கள் பாதையில் பெரிய பயணம் மூன்றே மூன்று. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் முன்கூட்டியே டிக்கெட், சுவிட்சர்லாந்துக்கு மட்டும் அந்த ஊர்ப் பாஸ் என்று பிரித்ததே மலிவாக வந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து பக்கம் சுற்றுவதாக இருந்தால் கணக்கு தலைகீழ். அங்கே பெரும்பாலான ரயில்களில் பதிவு கட்டாயம் இல்லை. பிள்ளை தூங்கிவிட்டால் இந்த ரயிலை விட்டு அடுத்ததில் ஏறலாம். பாஸின் அருமை அங்கேதான் தெரியும்.

சுவிஸ் டிராவல் பாஸ் விலை தலை சுற்றுகிறதே, அவசியமா?

2025இல் இரண்டாம் வகுப்பு 4 நாள் பாஸ் பெரியவருக்கு 295 பிராங்க். ஆமாம், சுற்றத்தான் செய்யும். ஆனால் பெற்றோரில் ஒருவராவது பாஸ் வைத்திருந்தால் 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசம். ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். பாஸ் வாங்கும்போதே பிள்ளைகள் பெயரைக் கொடுத்து அந்தக் கார்டைக் கேட்டு வாங்குங்கள், தானாக வராது.

அந்தப் பாஸில் ரயில் மட்டும் இல்லை. ஏரிப் படகு, பேருந்து, நகர டிராம், ஏராளமான அருங்காட்சியகங்கள் எல்லாம் அடங்கும். தூன் ஏரியில் படகு ஏறி, களைத்ததும் எந்தத் துறையில் வேண்டுமானாலும் இறங்கி, பேருந்தில் திரும்பினோம். ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால் "காசு கொடுத்தாச்சு, கடைசி வரை உட்கார்" என்று பிள்ளையை அதட்டிக்கொண்டு இருந்திருப்போம்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு தினமும் ஒரு மலை மட்டும் ஏறுவதாக இருந்தால் ஹாஃப் ஃபேர் கார்டு எனும் பாதிக் கட்டண அட்டை லாபமாக இருக்கலாம். ஒரு தாளில் பாதையை எழுதிக் கூட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

எந்த வயதுப் பிள்ளைக்கு எங்கே டிக்கெட்?

இந்த விஷயத்தில் ஐரோப்பா ஒரே நாடு இல்லை. ஜெர்மனியில் ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், 6 முதல் 14 வரை பெற்றோரோடு போனால் இலவசம். ஆனால் பதிவு செய்யும்போது பிள்ளைகளையும் அந்த டிக்கெட்டில் சேர்த்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் ஆறுக்குக் கீழே இலவசம், 14 வரை பாதி. பிரான்சில் நான்கு வயதுக்குக் கீழே மடியில் உட்கார்ந்தால் இலவசம். உள்நாட்டு டிஜிவியில் 9 யூரோ கொடுத்தால் தனி இருக்கை கிடைக்கும். கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளையை மூன்று மணி நேரம் மடியில் வைத்திருந்தால் நீங்கள் இறங்கும்போது நொண்டுவீர்கள்.

இத்தாலியின் அதிவேக ரயில்களில் குடும்பமாகப் போனால் 15 வயதுக்குக் கீழே இலவசம் என்று ஒரு சலுகை உண்டு, பெயர் பிம்பி கிராட்டிஸ். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் பெரியவர்கள் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே எடுக்கும் தள்ளுபடி டிக்கெட்டில் எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு ஆகிறது என்பதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில நாள் அது மலிவு, சில நாள் இது.

விசா கையில் வரவில்லை, ஆனால் மலிவு டிக்கெட் தீர்ந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களின் நிரந்தரத் தலைவலி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒன்றாகத் தரும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்தச் சலுகையை முழுசாகப் பயன்படுத்துங்கள். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில் விண்ணப்பம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது, அதற்குத் தனி விசா வேண்டாம்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, சுவிட்சர்லாந்துக்கு அவசரமே இல்லை. வழக்கமான கட்டணம் இன்றைக்கும் அதுதான், ரயில் ஏறுகிற அன்றைக்கும் அதுதான். இத்தாலியில் சூப்பர் எகானமி என்ற மலிவு டிக்கெட்டை மாற்றவும் முடியாது, பணமும் திரும்ப வராது. பேஸ் என்ற வகை விலை கூடுதல், ஆனால் மாற்றிக்கொள்ளலாம். விசா வரும் வரை மாற்றக்கூடிய டிக்கெட்டையோ ரத்து செய்யக்கூடிய ஓட்டலையோ மட்டும் எடுங்கள். பத்து யூரோ மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து டிக்கெட்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், விமானம் இறங்குகிற நாளில் குறிப்பிட்ட நேரத்து ரயிலைப் பதிவு செய்யாதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் முகப்படமும் விரல்ரேகையும் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. 12 வயதுக்குக் கீழே விரல்ரேகை வேண்டாம், ஆனால் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான்.

எல்லோரும் சேர்ந்து உட்கார இடம் கிடைக்குமா?

பதிவு செய்தால் கிடைக்கும். நடுவில் மேஜை போட்டு எதிரெதிராக இருக்கும் நான்கு இருக்கைகளைத் தேர்ந்தெடுங்கள். சீட்டுக்கட்டு, ஓவியப் புத்தகம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்த மேஜை வேண்டும். ஜெர்மனியில் குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகையில் இருக்கை பதிவு செய்யும் சலுகையை 2025 ஜூனில் எடுத்துவிட்டார்கள். அப்போது அது ஆளுக்கு 5.50 யூரோ என்று ஆனது. எரிச்சல்தான், ஆனாலும் வெள்ளி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளோடு நடைவழியில் நிற்பதற்கு அது பரவாயில்லை.

அமைதிக்கான கோச் என்று சில ரயில்களில் உண்டு. வாயில் விரல் வைத்த படம் போட்டிருக்கும். பதிவு செய்யும்போது தெரியாத்தனமாக அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் விளையாட இடம் உள்ள ரயில்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, அதைச் சுற்றியே பயணத்தைத் திட்டமிடலாம் என்று சொல்லும் அளவுக்கு நன்றாக இருக்கும். சுவிஸ் இரண்டடுக்கு இன்டர்சிட்டி ரயில்கள் பலவற்றில் ஒரு கோச்சின் மேல்தளத்தில் சின்னச் சறுக்குமரம் வைத்த விளையாட்டிடம் உண்டு. வெளியே வரைந்த படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மகள் அங்கே ஒரு சுவிஸ் சிறுமியோடு ஒரு வார்த்தை பொதுவில் இல்லாமல் முக்கால் மணி நேரம் விளையாடினாள். நான் ஜன்னல் வழியே மலையை முழுசாகப் பார்த்தது அந்த முக்கால் மணி நேரம்தான்.

ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட்டில் குடும்பப் பகுதியில் பிள்ளைகளுக்கான குட்டித் திரை உண்டு. ஜெர்மனியின் ஐசிஇ எனும் அதிவேக ரயிலில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் கதவு சாத்தக்கூடிய தனி அறை இருக்கிறது, முன்பதிவு செய்யலாம். பின்லாந்து இன்டர்சிட்டியில் விளையாட்டு அறையில் குட்டி ரயிலும் புத்தகங்களும் வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் இவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், அங்கே உங்கள் பையில் இருப்பதுதான் விளையாட்டு.

எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?

விமானம் மாதிரி எடை போட மாட்டார்கள். ஆனால் தூக்க வேண்டியது நீங்கள்தான், போர்ட்டர் என்று யாரும் ஓடி வர மாட்டார். பல ரயில்களில் பிளாட்பாரத்திலிருந்து இரண்டு மூன்று படி ஏற வேண்டும். டிஜிவியில் ஆளுக்கு இரண்டு சூட்கேஸ், ஒரு கைப்பை என்று வரம்பு உண்டு. ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும்.

எங்கள் விதி: நடக்கத் தெம்புள்ள ஒரு பெரியவருக்கு ஒரு சூட்கேஸ், இன்னொரு கை பிள்ளைக்கு. அதனால் ஐந்து பேருக்கும் இரண்டு நடுத்தர சூட்கேஸ், ஆளுக்கொரு முதுகுப்பை. ஐந்து நாள் துணி போதும், இன்டர்லாக்கனில் வீடு எடுத்துத் தங்கியதால் அங்கே துவைத்தோம். 28 அங்குல சூட்கேஸைப் பார்த்தாலே இப்போது எனக்கு இடுப்பு வலிக்கிறது.

தள்ளுவண்டி கொண்டுபோனால் ஒரு கையால் மடிக்கக்கூடிய லேசானதாக இருக்கட்டும். பாரிஸ் மெட்ரோவில் படிகள்தான் அதிகம், லிஃப்ட் உள்ள ஸ்டேஷன்கள் கொஞ்சம். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி. ஒரு வயதுக்குக் கீழே என்றால் உடம்போடு கட்டிக்கொள்ளும் பை எல்லாவற்றையும்விட மேல்.

பாரிஸில் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு மாற வேண்டுமாமே?

ஆமாம். பாரிஸில் எல்லா ரயிலும் வந்து சேரும் ஒரே நிலையம் என்று எதுவும் இல்லை. லண்டன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் ரயில்கள் காரே து நோர், சுவிட்சர்லாந்து பக்கம் காரே து லியோன். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏறுகிற கதைதான், கொஞ்சம் கூடுதல் தூரம். நடுவில் ஆர்இஆர் டி எனும் நகர ரயிலில் இரண்டே நிறுத்தம். சாமான், பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

காரே து நோர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம்தான் லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. இட்லி, தோசை, கொத்து ரொட்டி, கறிவேப்பிலை வரை கிடைக்கும். நான்கு நாள் ரொட்டிக்குப் பிறகு மாமியாரை அங்கே கூட்டிப்போனோம். கடைக்காரர் "வாங்கோ அம்மா" என்றதும் அவருக்கு ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்தபோதுகூட வராத சிரிப்பு வந்தது.

ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, நாங்களே மாட்டிக்கொண்டோம். இன்டர்லாக்கன் ஓஸ்ட்டிலிருந்து கிளம்பும் மலை ரயில் ட்ஸ்வைலூட்சினென் என்ற சின்ன ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். பிளாட்பாரத்திலும் கோச்சிலும் தெளிவாக எழுதியிருந்தார்கள். நாங்கள்தான் காலியாக இருக்கிறது என்று கண்ட கோச்சில் ஏறிவிட்டோம். மகன் திரையைப் படித்துவிட்டு "அம்மா, இது வேற ஊர் போகுது" என்றான். பிரிவதற்கு முன் இறங்கி முன்பக்கம் ஓடினோம். மாமியார் அவ்வளவு வேகமாக ஓடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

ஜெர்மனியிலும் சில ஐசிஇக்கள் இப்படிப் பிரியும். ஏறும் முன் கோச்சின் மேல் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள். நீளமான ரயில்களுக்குப் பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று பகுதிகள் இருக்கும், உங்கள் கோச் எந்தப் பகுதியில் நிற்கும் என்று பலகையில் தெரியும். ரயில் வந்த பிறகு பிள்ளைகளோடு 300 மீட்டர் ஓட வேண்டியிருக்காது.

ஏறும்போது ஒருவர் கீழேயே நின்றுவிட்டால்?

நடு ஸ்டேஷன்களில் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும், கதவு தானாக மூடிக்கொள்ளும். முதலில் ஒரு பெரியவர், பிறகு பிள்ளைகள், பிறகு சாமான், கடைசியில் இன்னொரு பெரியவர். இந்த வரிசையை மாற்றவே கூடாது. இறங்கும்போதும் அதேதான். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்: நீ கீழே நின்றுவிட்டால் நின்ற இடத்திலேயே இரு, நாங்கள் திரும்பி வருவோம். நீ மட்டும் ரயிலில் போய்விட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில். எங்கள் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி இருவர் பாக்கெட்டிலும் வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

சாப்பாடு?

ரயிலில் வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வாசனை ஊர்கூட்டும் கருவாடு, முட்டை மட்டும் வேண்டாமே.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் ஒரு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பையில் கொண்டுவரத் தடை. நெய், பால்கோவா எல்லாம் அதில் வரும். கைக்குழந்தைப் பால்பவுடருக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல் கொண்டுபோங்கள். அரிசியும் தயிரும் அங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். காலையில் குழைய வடித்துத் தயிர் பிசைந்து டப்பாவில் எடுத்துக்கொண்டால் மதியம் வரை கவலை இல்லை.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ஸ்டேஷன்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். குடிநீர் வாங்கவே வேண்டாம், சுவிஸ் ஊர்களில் தெருக் குழாயிலேயே குடிக்கலாம்.

கழிவறை?

ரயிலுக்குள் இலவசம், ஸ்டேஷனில் பெரும்பாலும் காசு. இறங்குவதற்கு 15 நிமிடம் முன் எல்லோரையும் ஒரு தடவை அனுப்பிவிடுங்கள், வேண்டாம் என்பவர்களை முதலில்.

இரவு ரயில் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

ஐந்து வயதுக்கு மேல் என்றால் திருவிழாதான். ஆஸ்திரியாவின் நைட்ஜெட் பல நாடுகளை இணைக்கிறது, வியன்னாவிலிருந்து ரோம், வெனிஸ் எல்லாம் போகலாம். நம் ஊர் ஸ்லீப்பர் பழக்கத்தில் தனித்தனிப் படுக்கை எடுக்காதீர்கள். கதவு சாத்தும் அறை முழுவதையும் குடும்பத்துக்கே எடுங்கள். உட்காரும் இருக்கை மலிவு என்று ஆசைப்பட்டால் மறுநாள் முழுக்க எல்லோரும் அழுவார்கள், பெரியவர்களும்தான். ஓட்டல் ஓரிரவு மிச்சம் என்று கணக்குப் போடுவோம், ஆனால் காலை 8 மணிக்கு இறங்கினால் அறை 3 மணிக்கு. கைக்குழந்தையோடு நான் போக மாட்டேன்.

யுங்ஃபிராவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

யுங்ஃபிரா மலைக்குப் பக்கத்தில் உள்ள யுங்ஃபிராயோ ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கைக்குழந்தையோ இதய, மூச்சுப் பிரச்சினை உள்ள பெரியவரோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சுவிஸ் பாஸ் இருந்தாலும் மேலே போக முழுசாகச் செல்லாது, 25 சதவீதத் தள்ளுபடிதான். மேகம் மூடியிருந்தால் அவ்வளவு பணத்துக்கும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அன்று காலை நேரடிக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

நாங்கள் போகவில்லை. பதிலாக லாட்டர்புருன்னனிலிருந்து தொங்கு வண்டியில் ஏறி, குட்டி ரயில் மாறி, கார் நுழையாத முரென் கிராமத்துக்குப் போனோம், பாஸிலேயே அடக்கம். இன்னொரு நாள் லூசெர்ன் போய், படகில் விட்ஸ்னாவ், அங்கிருந்து 1871இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயிலில் ரிகி மலை. அதுவும் பாஸில் அடக்கம். பிள்ளைகளுக்கு உயரம் முக்கியம் இல்லை. பனி, பசுமாட்டு மணி, ஐஸ்கிரீம், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போதும்.

ரயில் தாமதமானால்?

ஐரோப்பிய ரயில் என்றால் மணியடித்தாற்போல் வரும் என்பது சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தும். ஜெர்மனியில் 2024இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. அங்கே மாறும் இடத்தில் 8 நிமிட இடைவெளியை டிக்கெட் இணையதளம் காட்டினாலும் எடுக்காதீர்கள், அரை மணி நேரம் வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் 50 சதவீதமும் கேட்டுப் பெறலாம். அடுத்த ரயிலைத் தவறவிட்டால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக வாங்கியிருந்தால் உங்களுடையது.

தாத்தா பாட்டியைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. ஆனால் சுவிஸ் ஃபேமிலி கார்டு பெற்றோரோடு போனால்தான் செல்லும். பேரனைத் தாத்தாவோடு மட்டும் ஒரு நாள் அனுப்பும் திட்டம் இருந்தால் அவனுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். பெரியவர்களுக்கு முதல் வகுப்பு, நமக்கு இரண்டாம் வகுப்பு என்று பிரிக்கலாமா என்று கேட்டார் ஒருவர். மாமியாரிடம் நானும் கேட்டேன். "தனியா உட்கார வச்சுட்டு நீங்க மட்டும் சிரிச்சுப் பேசவா?" என்றார்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாகத் தெரியும்?

பேசலிலிருந்து இன்டர்லாக்கன் போகும்போது பெர்னில் ரயில் திசை மாறும், அதனால் ஏறும்போதே குழம்ப வேண்டாம். தூன் தாண்டியதும் போகிற திசையில் இடது பக்கம் ஏரி வந்துவிடும், இன்டர்லாக்கன் வரை கூடவே வரும். கரையில் இருக்கும் மெஸ்ட்ரேயிலிருந்து வெனிஸ் சாந்தா லூசியா ஸ்டேஷன் வரை கடல் மேல் பாலம். வலது பக்கம் சாலை மறைக்கும், இடது பக்கம் தண்ணீர் மட்டும்தான். ஏழு மணி நேரம் சலித்துப்போயிருந்த பிள்ளைகள் இருவரும் அங்கே ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கத்தினார்கள். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "பாம்பன்ல இன்னும் கிட்டத்துல தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.